பயமும் ஆசையும்

சென்ற சித்திரையில் ராசிபுரத்தில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே அந்த மாதத்து வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கி வரட்டுமா என்று மருமகன் கேட்டார். "பிராய்லர் வேண்டாங்க. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறாங்களாம். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு" என்றாள் மகள். பேத்திக்குப் பதினொரு வயது. சீக்கிரமே வயசுக்கு வந்துவிடுவாளோ என்று பயம். அந்தக் கோழி மளமளவென்று வளர்வது பொறுக்கியெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். ஊசி என்பது வெறும் வதந்தி.

சற்று நேரத்தில் பேத்தி விளையாடப் புறப்பட்டாள். மகள் அவளை நிறுத்தி முகத்திலும் கையிலும் வெயில் களிம்பு தடவினாள். "அலைஞ்சு கறுத்துப் போறாளுங்கப்பா!" டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்துகளுக்கிடையே ஆக்ஸிபென்ஸோன் என்ற பெயர் இருந்தது.

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், உடம்பெங்கும் பூசியவர்களின் ரத்தத்தில் அது முதல் நாளே கலந்திருந்தது. ஆய்வுக்கூடங்களில் அது ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதன் அளவைக் குறைத்தது. வளரும் குழந்தைக்கு அதனால் கெடுதல் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் இது வதந்தியல்ல. விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

வெள்ளைத் தோலினருக்கு வெயில் புற்றுநோயைத் தரும். அவர்கள் களிம்பு பூசுவதில் நியாயம் உண்டு. நமக்கோ தோலின் கறுப்பே ஓரளவு காப்பு. அந்தக் கறுப்பைத் தவிர்க்கத்தான் நாம் பூசுகிறோம்! பொய்யான சந்தேகத்துக்காகக் கோழியை விலக்கினோம். மெய்யான சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்கினோம். கோழியை விட்டால் போவது நாக்கின் ருசி. களிம்பை விட்டால் போவது நிறத்தின் மீதுள்ள ஆசை. பெரியவர்களின் ஆசைக்குக் குழந்தையின் உடம்பைப் பணயம் வைக்கலாமா?

மகளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவளுக்கு வரன் பார்த்த காலத்தில், போட்டோக் கடையில் நின்று, "கொஞ்சம் வெளுப்பா வரட்டும்" என்று சொன்னவன் நான்தான்.

மறுநாள் கடைவீதிக்குப் போய்ப் பேத்திக்கு ஒரு பூப்போட்ட குடை வாங்கி வந்தேன். விரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"இதைப் பிடிச்சா கறுக்க மாட்டேனா அப்புச்சி?"

"கறுத்தா என்ன கண்ணு?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள்.