வலை விட்டுவைத்தவை

சிறியதை விடு, பெரியதைப் பிடி. மீன்பிடித் தொழிலில் இதனினும் நேர்மையான விதி இருக்க முடியுமா? குஞ்சு வளரட்டும், வளர்ந்தது மனிதனுக்கு உணவாகட்டும். இரக்கமும் கணக்கும் கைகோத்த நியாயம் இது. ஆயினும் அந்நியாயத்தினுள் ஒரு பிழை ஒளிந்திருந்தது.

மீன்வளத்தை அளக்க அறிஞர்கள் நெடுங்காலம் கையாண்ட கணித மாதிரிகள் பிறப்பை எண்ணின, இறப்பை எண்ணின, மீனின் இயல்பை மட்டும் மாறாப் பொருளாகக் கொண்டன. பரிணாமம் பல்லாயிரம் ஆண்டுகளின் வேலை. இவ்வாண்டு வீசும் வலைக்கும் அதற்கும் தொடர்பேது என்று கருதினர்.

2002ஆம் ஆண்டு டேவிட் கானவர், ஸ்டீபன் மன்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சில்வர்சைட் என்னும் சிறுமீனைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு கூட்டத்தில் தலைமுறைதோறும் பெரியவற்றையும், வேறொன்றில் சிறியவற்றையும் அகற்றினர். நான்கே தலைமுறைகளில், பெரியவற்றை இழந்த கூட்டம் உருவில் குறுகிற்று, விளைச்சலும் தாழ்ந்தது.

கடலின் கதை இன்னும் துயரமானது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் அளவு மீறிய பிடிப்பால் காட் மீன்வளம் சரிந்தது. 1992இல் அரசு தடை விதிக்க, ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பிழந்தனர். தடை நீங்க 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சரிவுக்கு முன்னரே அம்மீன்கள் இளவயதிலும் சிற்றுருவிலும் முதிர்ச்சியடையத் தொடங்கியிருந்தன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. காத்திருந்து பருத்த மீன் வலைக்கு இரையாயிற்று. முந்திக்கொண்டது சந்ததி கண்டது. சிறிய தாயோ குறைந்த முட்டையே இடும். சூழல் உயிரை மாற்ற, மாறிய உயிர் சூழலை மாற்றுகிறது. ஆகவேதான் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் பிணைக்கும் மாதிரிகளை இன்று அமைக்கின்றனர்.

இம்மாற்றம் மரபிலேயே ஏறியதா, நெருக்கடியில் உடல் கொண்ட தற்காலிகக் கோலமா என்ற வாதம் ஓயவில்லை. 2021இல் வெளியான மரபணு ஆய்வொன்று பெருமாற்றத்தின் தடயம் எதையும் காணவில்லை. ஐயம் தீரும்வரை நமக்குப் பொறுப்பில்லை என்று வாளாவிருக்கலாமா? சோதனைத் தொட்டியில் மெலிந்த மீன்கள், பிடிப்பை நிறுத்திய பின்பும் மெல்லவே மீண்டன. இழப்பு விரைந்து வரும். மீட்சி நடந்து வரும்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்போர் மிகச் சிறியதை மட்டுமன்றி, மிகப் பெரியதையும் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது விதி. நல்லெண்ணத்துடன் நெடுநோக்கும் சேர்ந்தாலன்றி ஒரு விதி முழுமை பெறாது. எடுத்துக்கொண்டதற்கு மட்டுமே கணக்குக் காட்டிப் பழகியவர்கள் நாம். எதை விட்டுவைத்தோம் என்பதற்கும் கணக்கு உண்டு. நாளைய கடல் அதிலிருந்தன்றோ பிறக்கிறது!