கூதிர்காலத்து அடுப்பு

பழந்தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுகின்ற காலம் அது. அந்தப் பழஞ்சொல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. "கூதல் அடிக்குது, உள்ளே வா" என்று பிள்ளைகளை அழைக்கும் முதியவர்களை நெல்லைச் சீமையில் இன்றும் காணலாம். அவர்கள் சொல்லும் அந்த 'உள்ளே' பெரும்பாலும் அடுப்பங்கரைதான்.

கோடையில் யாரும் அண்டாத அந்த அறை, மழைக்காலத்தில் வீட்டின் நடுவிடமாகிவிடும். கடல் கொந்தளித்து மீன் வரத்து குறைந்த நாட்களில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும். தொண்டை கட்டிய நாளில் காணம் வறுத்து அரைத்த துவையலும் மிளகு ரசமும். மாலை இருட்டும் வேளையில் கருப்பட்டி தட்டிப் போட்ட சுக்குக் காப்பி. இவை விருந்து உணவுகள் அல்ல. திருமண வீட்டுப் பந்தியில் இவற்றுக்கு இடம் கிடையாது. ஆயினும், அயலூரில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மனிதன் நினைத்து ஏங்குவது பிரியாணிக்காக அன்று. தன் வீட்டு ரசத்துக்காகவே ஏங்குகிறான். ஏன்?

உணவில் ஆறுதல் தேடுவது பலவீனம் என்று கருதுவோர் உண்டு. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' என்னும் நூலின் பத்தாம் பகுதியில், உணவை மருந்தைப்போல் உட்கொள்ளவே தாம் விரும்புவதாகவும், பசியிலிருந்து நிறைவுக்குச் செல்லும் வழியிலேயே சுவை என்னும் கண்ணி விரிக்கப்பட்டிருப்பதாகவும் கவலைப்படுகிறார். அவருடைய கவலையை எள்ளுவதற்கில்லை. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் துயரத்துக்கு மருந்து எது என்று ஆராய்ந்தபோது, இன்பம், கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் சேர்த்தே எழுதினார். உடலுக்குக் கிடைக்கும் இதம் உள்ளத்தையும் தேற்றும் என்பதை அந்த மாபெரும் அறிஞர் இழிவாக எண்ணவில்லை. சாக விரும்பிச் சூரைச்செடியின் அடியில் படுத்துக்கொண்ட இறைவாக்கினர் எலியாவிடம் வந்த வானதூதரும், தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, "எழுந்து சாப்பிடு" என்கிற பொருளில்தான் பேசினார், அதுவும் இருமுறை. அறிவுரை அதன்பின் வந்தது.

ஆகவே, ஆறுதல் உணவு குற்றமில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அந்த உணவைப் பற்றிய நம் நினைவு நேர்மையானதுதானா?

நினைவு என்றவுடன் நமக்குச் சிரிப்பே முந்திக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். தும்மியவனுக்குச் சுக்குக் காப்பி என்பது வீட்டுச் சட்டம். ஒரு மழை நாளில் ஒருவன் தும்மிக் காப்பி பெற்றதைக் கண்டு மற்ற நால்வரும் வரிசையாகத் தும்மினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு குவளைகளில் நிலவேம்புக் கஷாயம் வந்தது. அவ்வளவு விரைவில் சளி குணமான வீடு அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்காது.

மற்றொரு நாள், ஞாயிறு ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று விசாரிக்க வெள்ளைச் சட்டையோடு வந்த உபதேசியார், அடுப்பங்கரை வாசலில் குனிந்து நின்றார். ஈர விறகோடு அம்மா போராடிக்கொண்டிருக்க, அண்ணன் ஊதுகுழலை வாங்கி நாதஸ்வரம் வாசிப்பவனைப்போல் கன்னம் உப்ப ஒரே ஊதாக ஊதினான். அடுப்புச் சாம்பல் எழும்பி, உபதேசியாரின் நெற்றியிலும் சட்டையிலும் படிந்தது. "இந்த வருஷம் சாம்பல் புதன் கார்த்திகையிலேயே வந்துட்டு" என்றான் அண்ணன். முதலில் சிரித்தவர் உபதேசியார்தான்.

இன்னொன்று முட்டைக் கதை. குழம்புக்கு இரண்டு முட்டை அவிப்பார்கள். கத்தியால் அறுத்தால் மஞ்சட்கரு உதிர்ந்துவிடும் என்று, தையல் நூலால் ஒவ்வொன்றையும் மும்மூன்று துண்டாக அறுப்பது அண்ணனின் பொறுப்பு. நில அளவையாளரைப்போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலை வைப்பான். அக்காள் எதிரே அமர்ந்து ஆட்சேபணை எழுப்புவாள். நடுத்துண்டில் மஞ்சட்கரு மிகுதி என்பதால், இன்று அது யாருக்கு என்னும் முறை அடுப்புக்கரியால் சுவரில் எழுதப்பட்டிருந்தது. ஆறு துண்டு: அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஐந்து. குடும்பம் கூடும்போதெல்லாம் இந்தக் கதை சொல்லப்படும், எல்லோரும் சிரிப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், அம்மாவின் நினைவு நாளுக்குக் கூடியிருந்தபோது, வழக்கம்போல் அண்ணன் கதையைச் சொல்லி முடித்தார். அவருடைய பேத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பூட்டிக்கு எந்தத் துண்டு, தாத்தா?" என்றாள்.

"அவங்களுக்கு முட்டை பிடிக்காது, கண்ணு."

"யார் சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க."

குழந்தை அதற்குமேல் கேட்கவில்லை. பெரியவர்களும் பேசவில்லை.

அம்மாவுக்கு உண்மையிலேயே முட்டை பிடிக்காமல் இருந்திருக்கலாம். இனி அதை அறிய வழியில்லை. சிந்திக்க வேண்டியது வேறு. சுவரில் எழுதிய கரிக்கோட்டைக்கூட மறவாத நினைவு, ஏழாவது ஆளை எண்ணாமலேயே இத்தனை ஆண்டுகள் கதையைச் சொல்லிவந்தது எப்படி? இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. வாசகர் ஒவ்வொருவரும் தம் வீட்டு வேடிக்கைக் கதைகளை ஒருமுறை இப்படி எண்ணிப் பார்க்கலாம்.

விவிலியத்தில் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. பாலைநிலத்தில் நடந்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் செலவின்றித் தின்ற மீனையும் வெள்ளரியையும் முலாம்பழத்தையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுததாக எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. செலவின்றியா? செங்கல் அறுத்த கைகளும், மேற்பார்வையாளரின் அடியும், ஆற்றில் எறியப்பட்ட ஆண் குழந்தைகளும் அந்த நினைவில் இல்லை. நாக்கு நினைத்தது, முதுகு மறந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பூண்டு உண்மையாகவே மணமாயிருந்திருக்கும். பாதியை மட்டும் நினைத்தார்கள். அந்தப் பாதி அவர்களை மீண்டும் அடிமை வீட்டுக்கு அழைத்தது.

கடந்த காலத்துக்கான ஏக்கத்தை இன்று 'நாஸ்டால்ஜியா' என்று இனிமையாகச் சொல்கிறோம். ஆனால் 1688இல் பாசெல் நகரில் ஜோஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், வீட்டைப் பிரிந்து வாடிய சுவிட்சர்லாந்து நாட்டவரைப் பற்றி ஆய்வேடு எழுதியபோது, வீடு திரும்புதல், வலி ஆகிய பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஒரு நோய்க்குப் பெயராகவே அதை உருவாக்கினார். ஏக்கம் இனிக்கும், அது நோயாகவும் மாறக்கூடும்.

எப்போது மாறுகிறது? ஈர விறகின் புகையை மறந்து, ரசத்தின் மணத்தை மட்டும் நினைக்கும்போது. மழைக்காலச் சமையலில் அம்மாமார்களின் கண் சிவந்ததும் இருமல் நீடித்ததும் கற்பனை அல்ல. விறகு, கரி, சாணம் முதலியவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் உண்டாகும் மாசு, 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஏழை வீட்டுப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டத்தை நடுவண் அரசு 2016இல்தான் தொடங்கியது. 'விறகடுப்புச் சமையலின் மணமே தனி' என்று நாம் சொல்லும்போது, அந்த மணத்தின் மறுபெயர் புகை என்பதையும் அதை யார் சுவாசித்தார்கள் என்பதையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். காப்பியில் கரைந்த கருப்பட்டியும் அப்படியே. கோடை வெயிலில் பனை ஏறி இறங்கியவரின் மார்புக் காய்ப்பும், விடிலியில் கொதிக்கும் பதநீரைக் கிண்டிய அவர் மனைவியின் வியர்வையும் அதில் உண்டு.

பாதி நினைவின் தீங்கு கடந்த காலத்தோடு நின்றுவிடுவதுமில்லை. "எங்கம்மா கைப்பக்குவம் வராது" என்னும் ஒரு தொடர் எத்தனை வீடுகளில் எத்தனை இரவு உணவைக் கசக்கச் செய்திருக்கிறது! அலுவலகத்திலிருந்து மாலை ஆறு மணிக்கு நனைந்து வந்து, சேலைத் தலைப்பைக்கூடப் பிழியாமல் அடுப்பைப் பற்றவைக்கும் ஒரு பெண்ணின்முன், இறந்துபோன மற்றொரு பெண்ணின் உழைப்பு அளவுகோலாக நிறுத்தப்படுகிறது. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அப்பணியில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். தாயின் சமையலைப் போற்றுகிறவன் தன் மனைவியை அந்த 299 நிமிடங்களில் தனியே விட்டுவிடுவானாகில், அவன் போற்றுவது தாயையா, தன் நாக்கையா?

"அப்படியானால் இனிய நினைவுகளையெல்லாம் குற்றவுணர்வோடுதான் நினைக்க வேண்டுமா? சிரிக்கவே கூடாதா?" என்று கேட்கலாம். அதுவும் நேர்மையாகாது. அம்மாவை வெறும் தியாகச் சிலையாக்கி மாலையிடுவதும் இன்னொரு வகைப் பாதி நினைவே. நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தபோது அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எங்களுக்கு நினைவிருக்கிறது. உபதேசியார் போனபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அவர்தான். வறுமையை அவர் வேடிக்கையாக்கித் தந்தார். முட்டை குறைவு என்று எங்களில் ஒருவரும் அழாதபடி, அதை அறுப்பதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார். அந்தச் சிரிப்பை மறுப்பது அவர் செய்த நல்ல வேலையை மறுப்பதாகும். மேலும், 'தியாகி' என்று புகழ்வதற்குச் செலவே இல்லை. புகழ்ந்துவிட்டு மீண்டும் தட்டின்முன் அமர்ந்துகொள்ளலாம்.

முழு நினைவுக்கும் ஒரு முன்மாதிரி விவிலியத்திலேயே இருக்கிறது. பூண்டுக்காக அழுத அதே மக்களுக்குப் பாஸ்கா இரவு உணவும் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் இறைச்சியோடு கசப்புக் கீரையும் உண்டு. விடுதலையைக் கொண்டாடும் பந்தியில் அடிமைத்தனத்தின் கசப்பும் நாவில் பட வேண்டும் என்பது ஏற்பாடு. கசப்பு விருந்தைக் கெடுக்கவில்லை. எதிலிருந்து வந்தோம் என்பதை நாக்குக்கே கற்பித்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் "இதன் பொருள் என்ன?" என்று கேட்கவும், பெரியவர்கள் விடை சொல்லவும் அங்கே இடமிருந்தது.

நம் வீட்டுப் பந்தியிலும் பிள்ளைகள் கேட்கட்டும். விடையை வாயால் மட்டும் சொன்னால் போதாது. இறந்தோருக்குப் பட்ட கடனை அவர்களிடமே தீர்க்க முடியாது. அதைக் கேட்டு வாங்க அவர்கள் வருவதுமில்லை. இன்று அடுப்பின்முன் நிற்பவரிடந்தான் அதைத் தீர்க்க முடியும். அம்மாவின் ரசத்துக்காக ஏங்கும் மகன் அந்த ரசத்தை வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். மிளகும் சீரகமும் தட்டுவதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. முதல் நாள் உப்புக் கூடினால் வீடு சிரிக்கும், அடுத்த தலைமுறைக்கு ஒரு வேடிக்கைக் கதை கிடைக்கும். மழையில் கதவடைத்துத் தனியே இருக்கும் பக்கத்து வீட்டு முதியவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி போகட்டும்.

நமக்கு ஆறுதல் தந்தது மிளகோ சுக்கோ மட்டும் அன்று. நாம் நனைந்து வருவோம் என்று முன்னரே நினைத்து ஒருவர் அடுப்பை மூட்டியிருந்தார் என்பதே அந்தச் சூட்டின் பொருள். இந்த ஐப்பசி மாலையில் தட்டு நம் முன்னே வைக்கப்படும்போது, முதல் கவளத்துக்கு முன், வைத்தவரை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்போம். "பிறகு சாப்பிடுகிறேன்" என்று விடை வந்தால், இன்னொரு தட்டை எடுத்து வைப்போம்.