கல்லறைக்குக் கல் வேண்டுமா?



நம்முடைய சபை கர்த்தருடைய கிருபையால் அடக்க நிலம் ஒன்று வாங்கியிருக்கிறது. போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கும்போது ஒரு சகோதரர், "ஐயா, அங்கே கல்லு வைக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். உடனே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "நாம என்ன கல்லறைத் திருநாளா கொண்டாடப்போறோம்? ஆத்துமா கர்த்தரிடத்தில் போயாச்சு, மண்ணுக்கு எதுக்கு அலங்காரம்?" என்றார்கள் சிலர். நானும் முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லி வந்தேன். ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பகலெல்லாம் பூங்கா பூங்காவாக நடந்தேன். அந்தப் பட்டணத்தின் நடுவே இருக்கிற சின்னச் சின்னத் தோட்டங்கள் பல, ஒரு காலத்தில் ஆலயத்துக் கல்லறைத் தோட்டங்கள். இடமில்லாமல் பிணத்தின்மேல் பிணம் புதைத்து, சுகாதாரம் கெட்டுப்போய், 1850-களில் சட்டம் போட்டு ஊருக்குள் அடக்கம் செய்வதை நிறுத்தினார்கள். பிறகு பல இடங்களில் கல்லையெல்லாம் பெயர்த்துச் சுவரோரம் சாத்திவிட்டுப் புல் வளர்த்தார்கள். இப்போது ஆபீஸ் ஜனங்கள் மத்தியானத்தில் ரொட்டித் துண்டோடு வந்து அங்கே உட்காருகிறார்கள். முதல் நாள் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது!

ஆனால் பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் என்னால் சாப்பிட முடியவில்லை. சுமார் நாலு ஏக்கர்தான். 1665 முதல் 1854 வரை ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் அங்கே அடக்கம் பண்ணப்பட்டார்கள். அநேகர் அரசாங்க சபையோடு ஒத்துப்போகாத விசுவாசிகள். அங்கேதான் ஜான் பனியன் படுத்திருக்கிறார். நம்ம வீடுகளில் 'மோட்ச பிரயாணம்' படிக்காதவர் யார்? அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660-ல் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் பெட்போர்டு சிறையில் வைத்தார்கள். 1688-ல் லண்டனில் ஒரு சிநேகிதர் வீட்டில் மரித்தார். அடக்கம் பண்ணியதும் அந்தச் சிநேகிதருடைய கல்லறையில்தான். நம்முடைய ஆண்டவரும் இன்னொருவர் கல்லறையில்தானே வைக்கப்பட்டார்!

கல்லறையின் ஒரு பக்கத்தில் பாரம் சுமந்து போகிற மோட்சப் பிரயாணியைச் செதுக்கியிருக்கிறார்கள். மறுபக்கத்தில் சிலுவையண்டை அவன் பாரம் விழுகிறது. அதே தோட்டத்தில், சிலுவையை நோக்கிப் பாடும் பாட்டை எழுதிய ஐசக் வாட்ஸ் இருக்கிறார். ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவும் இருக்கிறார். 1742-ல் தாயை அடக்கம் பண்ணிய வெஸ்லி, அங்கேயே நின்று திரளான ஜனத்துக்குப் பிரசங்கித்தார். சாலையைக் கடந்தால் அவர் கட்டிய ஆலயம், அதன் பின்னால் அவருடைய கல்லறை.

சூசன்னாவின் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

1987-ல் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த குற்றத்துக்காக, அவர்களுடைய தாய் தகப்பன் கிடக்கிற தோட்டத்தில் இடம் இல்லை என்று பழைய சபையார் சொல்லிவிட்டார்கள். பகல் முழுவதும் சரீரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்து, இருட்டுகிற நேரத்தில் ஒரு உறவினர் வயலோரம், புளியமரத்தடியில் அடக்கம் பண்ணினோம். "கல்லு வைப்போமாப்பா?" என்று அப்பா கேட்டார். நான் வாலிப வைராக்கியத்தில், "மோசேயின் கல்லறையையே கர்த்தர் மறைத்துவிட்டார், நமக்கு எதுக்கு?" என்று சொல்லி வாயடைத்தேன். வசனம் சரிதான். ஆனால் உள்ளே இருந்தது வசனமா, செலவு மிச்சம் என்ற எண்ணமா? இன்றைக்குச் சொல்கிறேன், இரண்டும் இருந்தது.

ஆபிரகாம் கானானில் விலைகொடுத்து வாங்கிய நிலம் எது? சாராளை அடக்கம் பண்ணத்தான், நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். தன் எலும்புகளை விட்டுப்போகக் கூடாது என்று யோசேப்பு ஆணையிடுவித்ததை எபிரெயர் 11 விசுவாசத்தின் கணக்கில் எழுதுகிறது. இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆனாலும் மத்தேயு 23-ஐயும் மறைக்கக் கூடாது. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரிக்கிறவர்கள்மேல் ஆண்டவர் எவ்வளவு கோபப்பட்டார்! பனியனைச் சிறையில் வைத்த அதே தேசத்தில், 1912-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் பெயரில் ஜன்னல் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது பூட்டு, செத்தபிறகு கண்ணாடி.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். ஆல்டர்ஸ்கேட் தெருவில்தான் 1738-ல் வெஸ்லியின் இருதயம் அனலாயிற்று. அதன் அருகே தபால்காரர் பூங்கா என்று ஒன்று. 1900-ல் ஜி.எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் அங்கே ஒரு சுவர் ஏற்படுத்தினார். மற்றவர்களைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட சாதாரண ஜனங்களின் பெயர் ஓடுகளில் எழுதியிருக்கிறது. 1885-ல் வீடு தீப்பற்றியபோது மெத்தையை ஜன்னல் வழியே கீழே போட்டு, அதன்மேல் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்த ஆலிஸ் ஏய்ர்ஸ் அதில் ஒருத்தி. சரீரம் அங்கே இல்லை, பெயர்தான். எழுதாவிட்டால் என்னைப்போல வழிப்போக்கனுக்கு அவளை எப்படித் தெரியும்?

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவின் இடத்தைத் தேடிப் போனேன். வயலைப் பிளாட் போட்டு விற்றாச்சு. புளியமரமும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, அன்றைக்கு அம்மாவின் சரீரத்தைக் குளிப்பாட்டின மூத்த தாயார் வீட்டுக்குப் போய் அழுதேன். அவர்களுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. "கல்லு கிடக்கட்டும் தம்பி. உங்கம்மா உயிரோட இருக்கும்போது வருஷத்துக்கு எத்தனை தடவை வந்தே?" என்றார்கள்.

பதில் சொல்ல முடியவில்லை.

கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. கல் வைக்கலாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஒரே அளவுக் கல், பெயரும் வருஷமும் மட்டும், செலவு சபையுடையது. ஏழை விதவைக்கும் மூப்பருக்கும் ஒரே கல். கூடவே, நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிற நம்முடைய பெரியவர்களின் பட்டியலையும் அன்றே மேஜையில் வைப்பேன்.

அந்தத் தாயார் அன்று என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. "உங்கம்மா விடியக்காலம் நாலு மணிக்கு ஜெபிக்கிற சத்தம் எங்க வீடுவரைக்கும் கேக்கும். முதல்ல உன் பேரைத்தான் சொல்லுவா" என்று ஆரம்பித்தார்கள். நான் ஒரு நோட்டை வாங்கி எழுதிக்கொண்டேன். ஒரே நாளில் முடியவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன்.