கைப்பையும் பிறர் ஹக்கும்

ஏம்பலத்திலிருந்து ஒருவர் உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ புறப்படுகிறார் என்றால், சென்னை செல்லும் வேன் நள்ளிரவிலேயே வாசலில் வந்து நின்றுவிடும். பெரிய பெட்டி முன்பே நிறுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் அடங்காத முறுக்கு, அதிரசம், துணிமணி யாவும் கைப்பையில் திணிக்கப்படும். "கையில் கொண்டு போவதை யார் நிறுக்கப் போகிறார்கள்?" என்பது நம்மவர் சொல்லும் சமாதானம்.

இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோதான். டிக்கெட் வாங்கியபோதே அந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டு விட்டோம். ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு முஸ்லிம் கட்டுப்பட்டவன் என்பது ஹதீஸின் கருத்து. கவுண்ட்டரில் நிற்கும்போது கனத்த பையை வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது ஏமாற்று அன்றி வேறென்ன? இஹ்ராம் உடுத்தியவரும் இதைச் செய்வதுதான் வேதனை.

"முந்தி ஏறினோம், இடம் பிடித்தோம், முந்தியவருக்கே உரிமை என்று ஃபிக்ஹிலும் உண்டே!" என்று ஒருவர் நம்மிடம் வாதிட்டார். உண்டுதான். ஆனால் பள்ளிவாசலில் முந்தி வந்தவருக்கு உரியது அவர் அமரும் இடம் மட்டுமே. ஒருவர் துணியை விரித்துவிட்டுப் போயிருந்தால், பின்னால் வருபவர் அதை ஒதுக்கிவிட்டு அங்கே தொழலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். தலைக்கு மேலுள்ள தட்டும் அவ்வாறே. மூன்று பேர் இடத்தை ஒருவர் பை அடைத்துக்கொண்டால், கடைசியில் ஏறும் மூதாட்டி தம் பையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வழிக்கு வேண்டியதை எடுத்துச் செல்லும்படி சூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் கட்டளையிடுகிறது. யமன் நாட்டவர் சிலர் ஒன்றுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தியதால் அவ்வசனம் இறங்கியது என்பது புகாரியில் உள்ள அறிவிப்பு. பிறருக்குப் பாரமாகாதே என்பதே அங்கு நோக்கம் என்று நாம் விளங்குகிறோம். வெறுங்கையும் பாரமாகலாம், நிறைந்த கையும் பாரமாகலாம்.

அந்தப் பாரம் உயிருக்கே உலை வைக்கவும் கூடும். 2016 ஆகஸ்ட் 3ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பற்றியது. உள்ளே 300 பேர். புகை சூழ்ந்த அந்நேரத்திலும், பைகளை விட்டுவிடுங்கள் என்று பணியாளர்கள் கூவியும், சிலர் மேல்தட்டைத் திறந்து பைகளை எடுத்ததை உலகமே படமாகப் பார்த்தது. அல்லாஹ்வின் கிருபையால் அனைவரும் பிழைத்தனர். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் மட்டும் உயிர் நீத்தார். விமானத்திலுள்ள அனைவரும் பாதி வாசல்கள் வழியாகவே 90 விநாடிகளில் வெளியேற முடியவேண்டும் என்பது விமானம் கட்டுவோருக்குரிய விதி. அந்தக் கணக்கில் பைக்கு விநாடி ஒதுக்கப்படவில்லை. பையை எடுக்க நிற்பவர் பின்னாலிருப்பவரின் விநாடிகளையே செலவழிக்கிறார்.

பிரயாணியை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமன்று. பேரீத்தம்பழம், தஸ்பீஹ், முஸல்லா, அத்தர் என்று பட்டியல் கொடுத்தனுப்புவது ஊரில் இருக்கும் நாம்தானே? வெறுங்கையோடு வந்தால் முகம் சுளிப்பவர்களும் நாம்தான்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார், "ஹஜ்ரத், பேரனுக்கு ஒரு தொப்பிகூடவா கேட்கக் கூடாது?" என்றார். "தாராளமாகக் கேளுங்கம்மா. பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்" என்றோம்.