யார் சொன்னால் அது அறிவு?

‘எதிர்பாராத’ என்ற சொல்லை வானிலை பற்றிய ஒரு தகவலாக எடுத்துக்கொள்வது நம் வழக்கம். எனக்கு அது பெரும்பாலும் அதைச் சொல்கிறவரைப் பற்றிய தகவலாகவே படுகிறது. யார் எதிர்பார்க்கவில்லை? யாரைக் கேட்டுவிட்டு?

ஒக்கியை எடுத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் 29-இல் இலங்கையருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகிவிட்டது. இந்த வேகத்தின் முன் விஞ்ஞானம் திணறியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். மார்த்தாண்டத்துக்குத் தென்மேற்கே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைக்காரர்கள் சுறா தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை வந்தபோது அவர்கள் போய்ப் பல நாளாகியிருந்தது. படகிலிருந்த வயர்லெஸ்ஸுக்கு அத்தனை தூரம் எட்டாது. இதைத் தொழில்நுட்பத்தின் கணக்கில் எழுதிவிடலாம்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கவிழ்ந்த படகுகளைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுத்துப் போயிருக்கும் என்று கரையிலிருந்த கடலோடிகள் சொன்னார்கள். தேடுகிற கப்பல்கள் அவ்வளவு தொலைவு போகவில்லை என்று முறையிட்டார்கள். கடைசியில் தாங்களே படகெடுத்துப் போனார்கள். ஆட்களை மீட்டும் வந்தார்கள். அவர்களுடைய பேச்சு வேதனையாக ஏற்கப்பட்டது, அறிவாக ஏற்கப்படவில்லை. அழுகிறவனுக்கு ஆறுதல் சொல்வது சுலபம்; அவனிடம் திசை கேட்பதற்குக் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

ஆர்க்டிக்கில் இதே வழக்கு முன்பே நடந்திருக்கிறது. 1845-இல் ஃபிராங்க்ளின் தலைமையில் இரண்டு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழி தேடிப் போய்ப் பனியில் இறுகின. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அதே பிரதேசத்தில் ஜான் ரே என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் குளிர்காலங்களைக் கழித்து உயிரோடு இருந்தார். காரணம் எளிது: பனிவீடு கட்டுவதையும், என்ன உடுத்துவது, எப்படிச் சறுக்குவண்டி இழுப்பது என்பதையும் இன்யூட் மக்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். கேட்பது அங்கே பணிவு சார்ந்த நற்குணம் அல்ல, பிழைக்கும் வழி. வெள்ளையர்கள் பட்டினியில் செத்ததையும், முடிவில் மனித மாமிசம் தின்றதையும் இன்யூட்கள் சொல்ல, 1854-இல் ரே லண்டனுக்குத் தெரிவித்தார். காட்டுமிராண்டிகளின் வார்த்தை நம்பத்தக்கதல்ல என்று டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் எழுதினார். (பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு டிக்கன்ஸின் இரக்கத்தைப் பாடமாக வைத்தார்கள். இதை வைக்கவில்லை.) எலும்புகளில் கத்தித் தடங்கள் இருப்பது 1990-களில் ஆராய்ந்து உறுதியாயிற்று. இன்யூட்கள் வழிவழியாகச் சொல்லிவந்த பகுதியிலேயே 2014-இல் ‘எரிபஸ்’ கப்பல் கிடைத்தது.

அப்படியானால் மீனவன் சொல்வதெல்லாம் வேதமா என்று கேட்கலாம். இல்லை. ரேயிடம் பேசியவர்களே நேரில் பார்த்தவர்கள் அல்ல. பிறரிடம் கேட்டதைச் சொன்னவர்கள். அவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், மாலுமிகளின் வெள்ளிக் கரண்டிகளை அவர்களிடமிருந்து வாங்கிப் பரிசீலித்தார். ஒரு சொல்லைச் சோதிப்பதே அதற்கு நாம் தரும் மரியாதை. சோதிக்காமல் தள்ளுவதும் சோதிக்காமல் கும்பிடுவதும் ஒரே சோம்பலின் இரண்டு தோரணைகள். நம் இலக்கியத்தில் இரண்டாவது அதிகம்.

எனக்கு உத்தியோகம் வங்கியில். காணாமற்போனவரின் கணக்கு என்றால் மேஜைக்கு வருவது ஏழாண்டுக் கணக்கு. அன்று நடப்பிலிருந்த 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, செய்தி வந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் செய்தி வராவிட்டால், ஆள் இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஏழாண்டு மௌனத்துக்கு இப்படி ஒரு மதிப்பு இருக்கிறது. ‘ஒரே படகில் இருந்தோம், என் கைப்பிடியிலிருந்து நழுவினான்’ என்று தப்பி வந்தவன் சொன்னால், அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

2017 டிசம்பர் 7 அன்று அந்தக் கரையின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ரயில்கள் நின்றன. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு, ஏழாண்டு காத்திருக்க வைக்காமல், இழப்பீடு பிறகு வந்தது. அன்று தண்டவாளத்தில் கேட்டது, இன்னும் கொஞ்சம் தொலைவு போய்த் தேடும்படி.