யாரும் அழுத்தாத பொத்தான்



ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் உடனே கல்லூரிக்குப் போவதில்லை. ஒரு வருடத்தைப் பொதுப்பணிக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி என்று எங்காவது சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், காப்பீடு, ஒரு வருடச் சேவைக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். 27 வயது நிறையாதவர்களுக்கான இந்தச் சேவைக்குத் தனிச் சட்டமே உண்டு. இதில் ஒரு கிளைதான் தன்னார்வ அறிவியல் ஆண்டு. ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆராய்ச்சியாளர்களோடு ஒரு வருடம் இருந்து வேலை கற்கிறார்கள்.

அப்படி வரும் ஒருவருக்கு, முதியோருக்கான உதவிக் கருவிகளை ஆராயும் இடத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோபோவும் சென்சாருமாக அறை நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் எவரும் போவார்கள். ஆனால் இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி ஒரு சின்னப் பொத்தானில் இருக்கிறது.

1970களில் வில்ஹெல்ம் ஹோர்மன் என்ற ஜெர்மானியர் வீட்டு அவசர அழைப்பு முறையை உருவாக்கினார். சங்கிலி டாலர் அளவில் ஒரு கருவி. அதைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளலாம். தனியாக இருக்கும் பாட்டி விழுந்துவிட்டால் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். வீட்டிலுள்ள பெட்டி தொலைபேசி வழியாக உதவி மையத்தை அழைக்கும். மையத்தில் இருப்பவர் பேசுவார், தேவைப்பட்டால் ஆளை அனுப்புவார். எளிமையான, விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் கருவி. ஐரோப்பா முழுக்கப் பரவியது.

பிரச்சினை எங்கே? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜேன் ஃபிளெமிங், கேரல் பிரெய்ன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 90 வயதைக் கடந்த 110 பேரை ஒரு வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். யார், எப்போது, எப்படி விழுந்தார், எப்படி எழுந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தன. 66 பேர் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். பதிவான 265 வீழ்ச்சிகளில் 217, பக்கத்தில் யாரும் இல்லாதபோது நேர்ந்தவை. விழுந்தவர்களில் 53 பேரால் ஏதோ ஒரு முறையாவது தானாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருக்கிறார்கள்.

அந்த வயதில் ஒரு மணி நேரம் தரையில் கிடப்பது சாதாரண விஷயமல்ல. உடம்பு சில்லிட்டுப் போகும். அழுந்திய இடத்தில் புண் வரும். தண்ணீர் இல்லாமல் நா வறளும், தசை சிதையத் தொடங்கும். எலும்பு முறியாமல் தப்பித்தவர்கூட இதனால் படுத்த படுக்கையாகிவிடலாம்.

பொத்தான் இல்லாமலா போயிற்று? பலரிடம் இருந்தது. அப்படி வெகுநேரம் கிடந்த சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் அதை யாரும் அழுத்தவில்லை. சிலருக்கு அது எட்டவில்லை, சிலர் கட்டிக்கொள்ளவே இல்லை. சிலர் அது தமக்கானது அல்ல, இன்னும் முடியாதவர்களுக்கானது என்று நினைத்தார்கள். தன் காலில் நிற்பவர் என்ற பெயர் போய்விடுமோ என்ற தயக்கமும் இருந்தது. இதில் எதையும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தொண்ணூறு வயது வரை தன் வீட்டைத் தானே ஆண்ட ஒருவரின் கணக்கு அது.

விழுந்ததைத் தானே உணர்ந்து அழைக்கும் கைக்கடிகாரங்கள் இன்று வந்துவிட்டன. கைக்கு எட்டவில்லை என்ற சிக்கலுக்கு அது நல்ல பதில். ஆனால் அதையும் கழற்றி மேஜையில் வைப்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதை எந்தச் சென்சாரும் சொல்லாது. அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு, எதிரே அவசரமில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டுரைக் கெடு, நிதி விண்ணப்பம் என்று ஓடும் பேராசிரியருக்கு அந்த நேரம் கிடைப்பது அரிது. ஒரு வருடத்தை முழுதாகக் கொடுக்க வந்த பிள்ளைக்கு அது இருக்கிறது. தன்னார்வ ஆண்டின் மிகப் பெரிய பயன் இதுதான்.

முதுமையை இளையவர்களுக்கு உணர்த்த ஜெர்மனியில் ஒரு சோதனை உடையும் இருக்கிறது. கெர்ட் என்று பெயர். பார்வையை மங்க வைக்கும் கண்ணாடி, காதை அடைக்கும் உறை, கழுத்துப் பட்டை, முட்டிகளை எளிதில் மடங்க விடாத கட்டு, கைகால்களில் எடைப் பட்டைகள், விரல்களின் உணர்வைக் குறைக்கும் கையுறை. இவற்றோடு படி ஏறச் சொல்வார்கள், பர்ஸிலிருந்து சில்லறை எடுக்கச் சொல்வார்கள். நாணயம் விரலுக்குத் தட்டுப்படாது. எடுத்தது எந்த நாணயம் என்று கண்ணுக்கும் தெரியாது. செவிலியர் பயிற்சியில் இதைப் பயன்படுத்துவது நல்லதுதான். ஆனால் அரை மணி நேரத்தில் கழற்றிப் போடும் உடை அது. எல்லாக் குறையையும் ஒரே நொடியில் தலையில் சுமத்திவிடுகிறது. உண்மையான பாட்டி பல வருடங்களில், ஒவ்வொரு தளர்ச்சிக்கும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருப்பார். அந்த வழிகளைத்தான் ஆராய்ச்சி தேட வேண்டும். உடையில் அவை இல்லை.

இப்படி முதுமை வேடத்தை நீண்ட காலம் அணிந்து பார்த்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பட்ரீசியா மூர். நியூயார்க்கில் ரேமண்ட் லோவியின் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, மூட்டுவலி உள்ளவர்களும் திறக்கும்படி குளிர்சாதனப் பெட்டியின் கதவை அமைக்கலாமே என்று கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்ற பதில் வந்தது. 1979இல், 26 வயதில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டியாக வேடமிட்டுத் தெருவில் இறங்கினார். மூன்று வருடம், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள். ஏழை மூதாட்டி, வசதியான மூதாட்டி என்று வேடத்தை மாற்றிப் பார்த்தார். ஒருமுறை சிறுவர் கும்பல் ஒன்று அவரை அடித்து வழிப்பறி செய்தது. கதவும் படியும் மட்டுமல்ல, கடைக்காரரின் பொறுமையின்மையும் ஒரு தடைதான் என்று அந்த மூன்று வருடம் அவருக்குக் காட்டியது. பிற்காலத்தில் முதியோருக்கும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஏற்ற வடிவமைப்பில் முக்கியமான குரலாக விளங்கினார்.

வேடமே தேவைப்படாதவர் ஒருவரும் உண்டு. ஸ்வீடனின் ஐனா விஃபால்க் இளம் வயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1978இல் நான்கு சக்கரம் வைத்த நடைவண்டியை உருவாக்கினார். இன்று ஜெர்மனியின் எந்தக் கடைத்தெருவிலும் காய்கறிக் கூடையோடு அதைத் தள்ளிக்கொண்டு போகும் முதியவர்களைப் பார்க்கலாம். களைத்தால் அதிலேயே உட்கார்ந்தும் கொள்ளலாம். நடப்பவர் எங்கே களைப்பார் என்று அறிந்தவரின் கைவண்ணம் அது.

தன்னார்வச் சேவைக்கு மீண்டும் வருவோம். ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை 2011இல் நிறுத்தப்பட்டது. அதோடு, துப்பாக்கி ஏந்த மறுத்த இளைஞர்கள் அதற்கு ஈடாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் செய்துவந்த மாற்றுச் சேவையும் நின்றது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டில் வந்த கூட்டாட்சித் தன்னார்வச் சேவையில் வயது உச்சவரம்பு இல்லை. ஓய்வு பெற்றவரும் சேரலாம். 27 வயதைக் கடந்தவர்கள் பகுதி நேரமாக, வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் போதும். அறிவியல் ஆண்டோ இளைஞர்களுக்கென்று வகுக்கப்பட்டது. முதியோர் கருவிகளை ஆராயும் கூடங்களாவது இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பொத்தானைக் கழற்றி வைத்த தொண்ணூறு வயதுக்காரரிடம் பேசப் போகும்போது, பத்தொன்பது வயதுப் பிள்ளையோடு எழுபத்தைந்து வயதுத் தன்னார்வலர் ஒருவரும் போகட்டும். பிள்ளைக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள் அவருக்குத் தோன்றும்.