எத்தனை டிகிரி என்று கேள்!

"அதெல்லாம் உன்னால ஆகாது தம்பி" என்று எவனாவது சொன்னால் கோபப்படாதே. "எத்தனை டிகிரி?" என்று திருப்பிக் கேள். எண் சொல்லத் தெரிந்தவன் பேச்சைக் காது கொடுத்துக் கேள். எண் தெரியாமல் உதட்டைப் பிதுக்குபவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்.

உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஷெவர்லே சி10 பிக்கப்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுவது ஒரு பித்து. 1973 முதல் 1987 வரை வந்த சதுர முக வண்டி என்றால் உயிரையே விடுவார்கள். பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் பின் அச்சின் ஹவுசிங்கைக் கழற்றி, பட்டைக்கு மேலே உட்கார வைக்கிறார்கள். வண்டி ஐந்தாறு அங்குலம் இறங்கிவிடும். ஹவுசிங் இடிக்காமலிருக்க சேசிஸில் ஒரு வளைவு வெட்டித் தகடு போட்டு இறுக்குகிறார்கள். இத்தனையும் வீட்டுக் கொட்டகையில் நடக்கிற வேலை. (நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு இதற்கு இடம் தராது. அப்பாவின் பொலிரோவுக்கு அடியில் போய்ப் படுத்துவிடாதே.)

இறக்கிய வண்டி நிற்கும்போது ராஜா. அறுபது மைல் வேகத்தில் இருக்கையே நடுங்கும். பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். "தாழ்த்தின வண்டின்னா அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த "அப்படித்தான்" இருக்கிறதே, அதைப் போல் மனுசனைக் கெடுத்தது வேறொன்றுமில்லை. அந்த நடுக்கம் விதியல்ல. பினியன் கோணம்!

கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஹவுசிங்கின் மூக்கிலுள்ள பினியனுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. கோணத்தில் சுற்றும் ஜாயிண்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். போன்சலே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1824லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். முன் ஜாயிண்ட் செய்யும் கோளாறைப் பின் ஜாயிண்ட் அழிக்க வேண்டுமென்றால் இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அதாவது, கியர்பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் இணையாக இருக்க வேண்டும். ஹவுசிங்கை இடம் மாற்றியவன் அந்த இணையைக் கலைத்தான். கலைத்தவனுக்குச் சேர்க்கத் தெரியாதா என்ன?

கிளாரன்ஸ் ஸ்பைசரை நினைத்துப் பார். பால் பண்ணையில் வளர்ந்த பையன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனான். அந்தக் காலத்துக் கார்கள் பல செயினில் ஓடின. அழுக்கும் இரைச்சலும் பிடிக்காமல், மூடிய யூனிவர்சல் ஜாயிண்டை வடிவமைத்து 1903ல் காப்புரிமை வாங்கினான். படிப்பை முடிக்கவில்லை, 1904ல் நியூ ஜெர்சியில் ஜாயிண்ட் செய்து விற்க ஆரம்பித்துவிட்டான். அவன் பெயரில் இன்றும் ஜாயிண்ட் கிராஸ் விற்கிறது. யாரிடம் போய் அவன் "எனக்குத் தகுதி இருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்?

சரி, படு வண்டிக்கடியில்! சேசிஸை ஸ்டாண்டில் தூக்கி வைத்து அளக்காதே. அது பொய்க் கணக்கு. வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கியிருக்க வேண்டும். ஹவுசிங் குழாய்க்கும் பட்டைக்கும் நடுவில் வரும் புது இருக்கைகளை இன்னும் வெல்டு வைக்காதே. யு போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாகவே விடு. டிஜிட்டல் கோணமானியைக் கியர்பாக்ஸின் வால் பக்கம் ஒட்டிப் பார்: பின்னோக்கி 3 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்வோம். இப்போது பினியன் மூக்குக்கு அடியில் ஜாக்கை வைத்து மெல்ல ஏற்று. ஹவுசிங் இருக்கையில் புரளும். திரையில் எண் மாறும். பினியன் மூக்கு 3 டிகிரி நிமிர்ந்தால் இரண்டும் இணை.

அங்கேயே நிறுத்திவிடாதே, இதுதான் நுணுக்கம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் சக்கரத்துக்கு எதிராக முறுக்கிக்கொள்ளும். பட்டை வளையும், பினியன் மூக்கு தானாக மேலே ஏறும். அதற்கு இடம்விட்டு ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வை. மூன்றுக்குப் பதில் ஒன்றரை. சுமை ஏறினால் நிமிரத்தான் போகிறது என்று தெரிந்தே குனிந்து நிற்கிற துணிச்சல் அது. எல்லாம் நேர்க்கோட்டில் கிடக்கட்டும் என்று பூஜ்யத்துக்கு ஆசைப்படுகிறவர்களும் உண்டு. பாவம், கோணமே இல்லாத ஜாயிண்டில் ஊசி பேரிங் உருளாது. நின்ற இடத்திலேயே குழி விழுந்து சாகும். ஜாயிண்டில் அரை டிகிரியாவது வேலை இருக்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் மறுபடி நடுக்கம்.

எண் சரியா? புள்ளி வெல்டு மட்டும் வை. மறுபடி அள. சரியென்றால் ஹவுசிங்கை இறக்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு வை. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் குழாய் கோணிக்கொள்ளும். வெல்டிங் கை வராதா? அளந்து, புள்ளி வைத்துக் கொண்டுபோய் வெல்டரிடம் கொடு, எண் உன்னுடையது. வெல்டு வைத்த பிறகும் ஓரிரு டிகிரி தப்பினால் ஆப்பு வடிவத் தகடு கடையில் கிடைக்கும். இரும்பாகப் பார்த்து வாங்கு, அலுமினியம் நசுங்கும்.

கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கு, பட்டை படிந்திருக்கும். கோணமானியை உள்ளே வைக்குமுன் பினியனில் இன்னொரு தரம் ஒட்டிப் பார்த்துவிடு.